பெருமையா, ஒட்டாமையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜேம்ஸ் டிஸ்ஸோ 1874 வாக்கில் தீட்டிய 'லண்டன் வருகையாளர்கள்' ஓவியம் காட்டுவது நகரத்தின் பெருமையா, ஊர் பார்க்க வந்தவர்களின் ஒட்டாமையா என்பது தலைப்பு. ஒட்டாமையே என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆடைகளைப் பற்றி அழகாகப் பேசினார். டிஸ்ஸோ துணி வணிகரின் மகன், துணியின் மடிப்பு அவர் கைக்குப் பழகியது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆடைக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். லண்டனின் ஓவியக் காட்சியகமான நேஷனல் கேலரியின் முகப்பில், பெரிய தூண்களுக்கு நடுவே ஒரு தம்பதி நிற்கிறார்கள். கணவர் வழிகாட்டிப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார். மனைவி குடையால் எங்கோ சுட்டுகிறாள். கண்ணோ அங்கே இல்லை, படத்துக்கு வெளியே நிற்கும் நம்மைப் பார்க்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருவரும் ஒரே பொருளைப் பார்க்கவில்லையே, நடுவர் அவர்களே!

பெருமை பேச வந்த ஓவியர் என்றால் எதை வரைந்திருப்பார்? கேலரிக்கு முன்னே டிரஃபால்கர் சதுக்கத்தில், கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவாக வானளாவி நிற்கிறது நெல்சன் தூண். அது படத்திலேயே இல்லை. கேலரிக்குள் இருக்கும் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களும் இல்லை. எதிரே செயின்ட் மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது, ஆனால் மங்கிய சாம்பல் நிறத்தில். கொண்டாட்டத்துக்கு யாராவது இந்த நிறத்தைத் தேடி எடுப்பார்களா?

அப்புறம், நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் அணிந்த சிறுவர்கள். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற அறக்கொடைப் பள்ளியின் மாணவர்கள் அவர்கள். வசதியானவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை ஏழைப் பிள்ளைகளுக்கு! இதையும் பெருமைக் கணக்கில் சேர்த்தார் எதிரணித் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

டிஸ்ஸோவின் படங்களை வண்ணம் பூசிய புகைப்படங்கள் என்று 1877இல் கலை விமர்சகர் ரஸ்கின் குறை சொன்னதையும் எடுத்துக்காட்டினார்கள். அப்படியானால் படிக்கட்டில் கிடக்கும் அந்தச் சுருட்டு? அதைப் போட்டவர் படத்தில் இல்லை. மனைவியின் பார்வை போகும் பக்கத்தில் ஓர் ஆண் இருந்திருக்கிறார் என்று நம்மை ஊகிக்க வைக்கிறது அது. திட்டமிட்டு வைத்த தடயம் அது. கண்ணில் பட்டதைப் பிடிக்கும் புகைப்படக் கருவிக்கு இந்த யோசனை வராது.

வரைந்தவரும் வெளியூர்க்காரர்தான். பிரான்சின் நாந்த் நகரில் பிறந்து, பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு வீழ்ந்த 1871இல் லண்டன் வந்தவர். வந்து சில ஆண்டுகளில் தீட்டிய படம் இது. அந்தப் படிக்கட்டில் ஒட்டாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள். நன்றி, வணக்கம்.