கறந்த பிறகு வரும் அரை மணி நேரம்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து மாடுகள் வைத்திருப்பவன் என்ற முறையில்தான் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சாணி அள்ளுவது, தொட்டி கழுவுவது, தீவனம் நறுக்குவது, தண்ணீர் காட்டுவது என்று வேலையை அடுக்க ஆரம்பித்தால் இன்றைய பொழுது போதாது. அதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வேலை மிச்சம் இருக்கிறதே என்ற அவசரத்தில் நாம் எதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறோம் என்பதைத்தான் பேச நினைக்கிறேன்.

கறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். மடியைக் கழுவித் தடவிக் கொடுத்ததும் மாட்டின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்குகிறது. ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் அந்த வேகம் இருக்கும். அந்த நேரத்தில் நாம் ஓர் அதட்டல் போட்டாலே போதும், மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். கோபத்தோடு தொழுவத்துக்குள் போகாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

கறந்து முடித்ததும் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே ஏறிவிடும். மடிநோய் இப்படியும் வருகிறது. என்னுடைய தலையீற்று மாடு ஒன்றுக்கு ஒரு காம்பே போய்விட்டது. முதல் நாள் காலையில் அந்தக் காம்பின் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்திருந்தால், திரிதிரியாகப் பால் வருவது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மறுநாள் மடியைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது, சூடாகவும் இருந்தது. மாடு காலை உதறிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. இப்போதெல்லாம் கறந்த பிறகுதான் பசுந்தீவனம் போடுகிறேன். தின்கிற வரைக்கும் நின்றுகொண்டிருக்கும் அல்லவா?

அப்புறம், சினைப்பருவம், அதாவது மாடு சினை பிடிக்கத் தயாராக இருக்கும் நேரம். சினை இல்லாத மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அடுத்த மாடு மேலே தாவினாலும் விலகாமல் நிற்கும். அது ஒரு நாள்கூட முழுதாக நீடிக்காது. பல மாடுகளில் ராத்திரியில்தான் தெரியும், நாமோ அசந்து தூங்கிக்கொண்டிருப்போம். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி, அதாவது காளை இல்லாமல் கருவூட்டுகிற ஊசி, போட வேண்டும். நாம் கவனித்துச் சொல்லிவிட்டாலும் ஊசி போடுகிறவர் நேரத்துக்கு வந்தால்தான் உண்டு. அவர் வந்து சேருவதற்குள் பருவம் அடங்கிப்போய், வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் எனக்கு உண்டு. தப்பினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு நிற்காது, அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும்.

அதனால் கடைசித் தண்ணீர் காட்டிய பிறகு ஒரு கால் மணி நேரம் தொழுவத்தில் வெறுமனே உட்காருங்கள். கையில் எந்த வேலையும் வேண்டாம். அசை போடாமல் கிடக்கிறதா, தொட்டியில் தீவனம் மிச்சமா, பருவத்துக்கு அடையாளமாகப் பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா என்று பாருங்கள்.

சரி, என் வீட்டுச் செவலைக்கு இன்று இருபதாவது நாள். இருட்டுவதற்குள் நான் தொழுவத்தில் இருந்தாக வேண்டும். கேட்க ஏதாவது இருந்தால் இப்போதே கேளுங்கள்.