மேக்டொனால்டை எழுத வைத்தது குடும்பமே!

நடுவர் அவர்களே, வணக்கம். ஸ்காட்லாந்தின் ஹன்ட்லியில் 1824-ல் பிறந்தவர் ஜார்ஜ் மேக்டொனால்ட். ஆங்கிலத்தில் மாயக்கதைக்குத் தடம் போட்ட ஆரம்பகாலத்து ஆள். அவரை எழுத வைத்தது துயரமா, குடும்பமா என்பதுதான் தலைப்பு. துயரமே என்று எதிரணி நண்பர் பேசி முடித்தபோது அரங்கில் பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள். சிறுவயதிலேயே தாயை இழந்தார், காசநோய் அந்தக் குடும்பத்தை விடவே இல்லை, போதகர் வேலையும் போனது என்று அடுக்கினார். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் ஐயா, அந்தக் காலத்தில் காசநோய் புகாத தெரு எது? அத்தனை வீட்டிலிருந்துமா மாயக்கதை வந்தது?

வேலை போன கதையையே எடுத்துக்கொள்வோம். 1850-ல் இங்கிலாந்தின் அருண்டெலில் ஒரு திருச்சபைக்குப் போதகரானார். கிறிஸ்துவை அறியாதவர்களுக்கும் இறந்த பிறகு ஒரு வழி இருக்கலாம் என்கிற மாதிரிப் பிரசங்கம் செய்தார். சபைப் பெரியவர்கள் 'போய்விடு' என்று நேராகச் சொல்லவில்லை, சம்பளத்தைக் குறைத்தார்கள். நம்மாளுக்கு ஜாடை புரியவில்லை. சரி, இருப்பதை வைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொள்கிறோம் என்றாராம்! 1853-ல் ஒருவழியாக விலகினார். பிள்ளைகள் மொத்தம் பதினொன்று. நமக்கெல்லாம் ஒன்றைத் தூங்க வைப்பதற்குள் விடிந்துவிடுகிறது.

அந்த வீடு எப்படிப்பட்டது தெரியுமா? எழுத்தாளர் லூயிஸ் கரோல், பின்னால் 'அற்புத உலகில் ஆலிஸ்' என்று புகழ் பெற்ற தன் கதையைக் கையெழுத்துப் பிரதியாகவே அங்கே கொடுத்தனுப்பினார். தாய் லூயிசா பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். மகன் கிரெவில், அப்போது ஆறு வயது, இதில் அறுபதாயிரம் புத்தகம் வேண்டும் என்றான். கரோல் அதை அச்சுக்குக் கொடுக்க அந்த வீட்டின் உற்சாகமும் ஒரு காரணம்.

இப்போது கதைகளுக்கு வருகிறேன். 1858-ல் வந்த 'ஃபான்டஸ்டிஸ்' பெரியவர்களுக்கு எழுதியது, பிள்ளைகளுக்கு அல்ல என்று நண்பர் மடக்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாய உலகம் எங்கே திறக்கிறது? கதாநாயகன் படுக்கையறையில்! முகம் கழுவும் தொட்டியில் நீர் வழிந்து ஓடையாகிறது. கம்பளத்தில் இருந்த புல்லும் பூவும் நிஜமாக அசைகின்றன. வாசல் தாண்டவே இல்லை.

1872-ல் நூலாக வந்த 'இளவரசியும் கோப்ளின்களும்' இன்னும் தெளிவு. மலைக்கு அடியில் கோப்ளின்கள் என்ற பொல்லாத குட்டிப் பூதங்கள், இருட்டு. அதைத்தான் துயரம் என்றார் நண்பர். இருட்டைப் பார்த்தவர் நூலிழையைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே! மேல்மாடத்தில் ஒரு எள்ளுப்பாட்டி, சிலந்தி இழையில் நூல் நூற்கிறாள். நூல்கண்டு அவளிடமே இருக்கும். ஒரு முனை மட்டும் ஐரீன் என்ற குட்டி இளவரசியின் மோதிரத்தில். பயம் வந்தால் மோதிரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, விரலை நூலில் வைத்து அது போகிற வழியில் போக வேண்டும். நூல் கற்குவியலுக்குள் போகிறது. திரும்பிப் போகலாம் என்று பின்னால் தடவினால் நூலே இல்லை. அழுகிறாள். அப்புறம் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போடுகிறாள். குவியலுக்கு அந்தப் பக்கம் கர்டி என்ற சுரங்கத்துப் பையன் அடைபட்டுக் கிடக்கிறான். இது துயரம் எழுதிய கதையா, பாட்டி நூல் பிடித்து நடத்திய கதையா?

கடைசியாக 'லிலித்', 1895. மூத்த மகள் லிலியா 1891-ல் காசநோயில் போன பிறகு வந்த நூல். இதற்கு என்ன சொல்வீர்கள் என்று நண்பர் கேட்டார். லிலியாவின் மரணம் மேக்டொனால்டை நொறுக்கியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைப் படித்து லூயிசா கலங்கிப்போனார். வெளியிடலாமா வேண்டாமா? பதிப்பாளரிடமா கேட்டார்கள்? கிரெவிலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அறுபதாயிரம் கேட்ட அதே பிள்ளை. அவர் போடலாம் என்றார்; புத்தகம் வந்தது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். நன்றி, வணக்கம்.