திகிலுக்கென்று ஒரு சேனல்

நேயர்களுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் 30 வருஷமாகக் கோயில் கொடை விழாக்களுக்கு மைக்செட் போட்டு வருகிறேன். திகிலுக்கென்றே தமிழில் ஒரு டி.வி. சேனல் தொடங்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடமும் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

பாட்டுக்குச் சேனல் உண்டு, சிரிப்புக்கு உண்டு. வெளிநாட்டில் பயத்துக்கும் உண்டு. பிரிட்டனில் 2004-இலேயே ஹாரர் சேனல் என்று ஒன்று வந்தது. அமெரிக்காவில் சில்லர் என்ற சேனலை 2007-இல் தொடங்கி, 2017 முடிவில் மூடிவிட்டார்கள். அதில் பெரும்பாலும் பழைய படங்களும் பழைய தொடர்களும்தான் ஓடின. வாங்கிப் போட்ட சரக்கை நம்பி நாம் இறங்கக் கூடாது. சொந்தச் சரக்கு நம்மிடம் ஏராளம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆடி அமாவாசைக்கு ஆச்சி என்னைக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கினோம். அங்கே பட்டவராயன் சன்னதியில், நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து கட்டிய தோல் செருப்புகள் தொங்கும். போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆச்சி ஒரு செருப்பைத் தொடாமல் விரலால் மட்டும் காட்டினாள். “குதிகால் பக்கம் பாருல.” பார்த்தேன். தேய்ந்திருந்தது. வார் ஓரத்தில் காய்ந்த சேறு. “புதுசாத்தான் கொண்டாந்து போடுதாவ. ராத்திரி பட்டவராயரு மாட்டிக்கிட்டுக் காட்டைச் சுத்தி வாராரு.”

அவ்வளவுதான் சொன்னாள். அன்று ராத்திரி குடிலுக்கு வெளியே ஒரு சருகு நொறுங்கினாலும் எனக்குச் செருப்புச் சத்தமாகத்தான் கேட்டது. ஆச்சியின் முந்தானையை விடிகிற வரைக்கும் விடவில்லை.

ஏன் செருப்பு? வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கை மேல் ஆசைப்பட்டான். அவர்கள் செருப்புத் தைக்கும் குடும்பம். மாமனார் சொன்னபடி பூணூலை அறுத்தான், குடுமியை எடுத்தான், செருப்புத் தைத்துக் காட்டினான். கல்யாண ராத்திரியே மாட்டுக் கள்ளர்கள் வந்துவிட்டதாகச் சேதி. போய் அவர்களை வென்றவன், ஓடையில் குனிந்து கழுவும்போது, ஒளிந்திருந்த ஒருத்தன் பின்னாலிருந்து குத்திவிட்டான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்கினார்கள். அவன்தான் பட்டவராயன். அந்தச் செருப்புத்தான் தேய்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கதைக்கு வெள்ளைச் சேலை வேண்டுமா? திடும் திடும் என்று மியூசிக் வேண்டுமா? தேய்ந்த குதிகால் ஒன்று போதும். நம் பக்கத்துப் பயத்துக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அநியாயமாகப் போன ஓர் உயிர் இருக்கிறது. பயந்துகொண்டே அழவும் செய்கிறோமே, அதை வேறு எங்கே பார்க்க முடியும்? நான் கேட்கிற சேனல் இதைக் காட்ட வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, என் தொழில் அது. சுடலைமாடன் கோயிலில் நடுராத்திரி நடக்கும் சாமக்கொடையில், மகுடம் என்கிற பறை வேகமெடுத்து அடிக்க, சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். எங்கள் ஊரில் அந்த நேரம் மைக்கை அணைத்துவிடச் சொல்வார்கள். ஊரே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் சலங்கை திரும்பி வருகிற வரைக்கும் ஒருவரும் பேச மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் எந்த ஸ்பீக்கரிலும் அந்த அமைதியளவுக்குப் பயமுறுத்துகிற சத்தத்தை நான் போட்டதில்லை. சேனல்காரர்கள் முதலில் அமைதியாக இருக்கப் பழக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அமைதி.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பணத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். செய்தி அல்லாத செயற்கைக்கோள் சேனலுக்கு அனுமதி கேட்கிற கம்பெனிக்கு 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அதாவது கடன் போக மிஞ்சுகிற சொத்து, வேண்டும். அதனால் உள்ளூர் கேபிளில் வாரம் ஒரு ராத்திரி என்று தொடங்கலாம். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்று 1994-ஆம் வருஷத்துக் கேபிள் விதிகளில் இருக்கிறது. சரியான விதி. கதையைக் கதையாகச் சொல்வோம், தாயத்து விற்கிறவர்களை உள்ளே விட வேண்டாம்.

அப்புறம் ஒன்றே ஒன்று. வீட்டுப் பரணில் பழைய வில்லுப்பாட்டு கேசட் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஓட்டிப் பார்க்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். வணக்கம்.