துக்கம் விசாரித்த பிறகு

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

"துக்கம் விசாரிக்கப் போகிறோம்" என்கிறோம். போகிறோம், பந்தலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறோம், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்கிறோம். காலையிலிருந்து பத்துப் பேருக்குச் சொன்னதையே அந்த அம்மா பதினோராவது முறையாகச் சொல்லி அழுகிறார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். கேள்வி கேட்டாயிற்று, விசாரித்தாயிற்று.

யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம், மாசில்லாத சுத்தமான பக்தி எது என்று சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறது: திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்திலே "விசாரிக்கிறது". மத்தேயு 25இல் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற இடத்திலும் கிரேக்க மூலத்தில் அதே வினைதான். நம் வேதாகமத்தில் 'கண்காணி' என்று வருகிறதே, பேராயரைக் குறிக்கும் சொல், அதற்கும் வேர் அதுவே. போய்ப் பார்த்துப் பொறுப்பெடுத்துக்கொள்வது என்று பொருள். நம்மூர்ப் பேச்சிலும் இது உண்டு. "எனக்கு முடியாமப் போனா யாரு விசாரிப்பா?" என்று கேட்கிற கிழவி, கேள்வி கேட்க ஆள் தேடவில்லை. கஞ்சி ஊற்ற ஆள் தேடுகிறாள்.

அப்போஸ்தலர் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிசபையில் முறுமுறுப்பு எழுந்தது உபதேசத்தைப் பற்றி அல்ல, பந்தியைப் பற்றி. தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையிலே "திட்டமாய்" விசாரிக்கப்படவில்லை என்றார்கள் கிரேக்கர். அப்போஸ்தலர் அதற்குப் பிரசங்கம் வைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருக்கு நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் போதவில்லை, ஞானமும் நிறைந்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த ஞானத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். அது பெரும்பாலும் காகிதத்திலும் கணக்கிலும் நேரம் தவறாமையிலும் இருக்கிறது.

முதல் வாரத்தில் வாயைக் கட்டுவதே ஊழியம். யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று துக்க வீட்டில் சொல்லாதீர்கள். அது பொய் என்பதற்காக அல்ல. அதைச் சொல்லும் உரிமை, பறிகொடுத்தவருக்கு மட்டும்தான் உண்டு. யோபு சொன்னார், அது விசுவாசம். அந்த மூவரில் ஒருவரான எலிப்பாஸ் சொன்னால் அது குற்றச்சாட்டு. வாசிக்க வேண்டுமானால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று தேவனையே கேட்கிற பாட்டு அது, ஆறே வசனம். ஜெபம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரவெல்லாம் தூங்காதவர்கள் முன்னால் நீட்டி ஜெபிப்பது நம் திருப்திக்கு, அவர்களுடைய ஆறுதலுக்கு அல்ல.

அடுத்தது காகிதம். இங்கேதான் சபை கைவிடுகிறது. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் போய்ச் சொல்ல வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி, மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில். கோயில் அடக்கப் பதிவேட்டில் எழுதிவிட்டோமே என்று இருந்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பதிவேடு எந்த வங்கியிலும் செல்லாது.

கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். ஞானஸ்நானத்தில் 'ஜான் செல்வராஜ்', பள்ளிக்கூடத்தில் 'செல்வராஜ்', ஆதாரில் 'செல்வராஜ் ஜே'. அடக்கத்தன்று யாரோ ஒரு தம்பி போய்க் கோயில் பெயரைக் கொடுத்துவிட்டு வருவார். ஆறு மாதம் கழித்து, வங்கியில் "இவரும் அவரும் ஒருவர்தானா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பதிவுக்குப் போகிறவர் கையில் இறந்தவரின் ஆதாரும் வங்கிப் புத்தகமும் இருக்கட்டும். எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இறந்தவருடைய கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எரிவாயு முன்பதிவு, பி.எஃப். கணக்கு, காப்பீடு எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் இணைப்பே போய்விடலாம். ரீசார்ஜ் செய்து வையுங்கள். இறப்புச் சான்று வந்ததும் மனைவி பெயருக்கு மாற்றுங்கள். ஆனால் அவருடைய ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுக்க வேண்டாம், பின் எண் தெரிந்தாலும். இறந்தவர் கணக்கில் அப்படிக் கை வைப்பது சட்டப்படி தவறு. பங்காளிச் சண்டைக்கும் அதுதான் முதல் விறகு.

இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் வருகிறாள். புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், நம் பாஷையில் ஊழியக்காரன் வீடு. கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா கேட்ட கேள்வி என்ன? "வீட்டிலே உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" அக்கம்பக்கத்தாரிடம் வாங்கி வரச் சொன்னதும் எண்ணெயை அல்ல, வெறும் பாத்திரங்களை. இதுதான் விசாரிக்கப் போகிறவருக்கு நான் காட்டும் மாதிரி. பல வீடுகளில் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. ஏந்துவதற்குப் பாத்திரம்தான் இல்லை.

நேரே பாருங்கள். இரண்டாம் வாரம், மத்தியானம், ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு, அந்த அம்மாவோடு உட்கார்ந்து வங்கிப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். விரலை வைத்து மே, ஜூன் மாத வரிகளைத் தேடுங்கள். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். 30 நாளுக்குள் வங்கியில் விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது. முப்பதாம் நாள் ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் போய்விடும்.

கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றால், பி.எஃப். பணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு அதோடு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடும் உண்டு, உச்ச வரம்பு 7 லட்சம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தனி. மூன்றையும் ஒரே கூட்டு விண்ணப்பத்தில் கேட்கலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்கள், "நமக்கு அதெல்லாம் கிடையாது" என்பார்கள். சம்பளச் சீட்டில் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு அதை நம்புங்கள்.

கடன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே "அண்ணன் எங்கிட்ட அம்பதாயிரம் வாங்கியிருந்தாரு" என்று ஒருவர் வருவார். அந்தத் துக்கத்தில் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள், கணவன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக. விசாரிப்பவர் பக்கத்தில் இருந்து, "பத்திரமோ சீட்டோ இருந்தா காட்டுங்க, ஒரு மாசம் பொறுங்க" என்று சொன்னால் போதும். வந்தவர் உண்மையானவர் என்றால் பொறுப்பார். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடன் வாரிசுகளைச் சேரும். மனைவி தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. வாரத் தவணை குழுக் கடனில் பல நிறுவனங்கள் கடனோடு சேர்த்துக் கணவன் மனைவி இருவருக்கும் காப்பீடு பிடித்திருக்கும். அதைக் கேட்காமல், மற்ற பெண்கள் முகத்துக்கு அஞ்சித் தவணையைக் கட்டிக்கொண்டே போகிறார்கள். முதலில் கடன் அட்டையில் காப்பீட்டுத் தொகை பிடித்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொத்துப் பங்கு என்று வந்தால் மேடையில் அமைதியாக இருக்கும் சபை வீட்டுக்குள் சத்தம் போடும். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவருக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற பேதம் இல்லாமல் சமமாக. பழைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. விதவையின் உரிமை மறுமணம் செய்தால் முடிந்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வந்துதான் அதை மாற்ற வேண்டியிருந்தது. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் சபைக்கூடார வாசலில் நின்று தகப்பன் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரி என்று கர்த்தரே சொன்னார். அவர் சொன்னதைச் சட்டத்தில் பார்க்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

இன்னொன்று. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவருடைய தாயாருக்கு இந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. வாரிசுச் சான்றில் பெயர் இருக்கலாம். பெயர் இருப்பது பங்கு ஆகாது. ஆகவே மருமகள் கையில் எல்லாம் வந்துவிட்டது என்ற பயம் மாமியாருக்கு. மாமியார் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் மருமகளுக்கு. நகோமியும் ரூத்தும் போல இரண்டு விதவைகள் ஒரே கூரைக்குள். விசாரிக்கப் போகிறவர் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாமல்.

பொருளுதவி பற்றிச் சுருக்கமாக. அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. வீட்டில் இடம்தான் அடையும். எண்ணெய், சிலிண்டர், மின்கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், இவைதான் இடிக்கும். கொடுப்பதைப் படம் எடுக்காதீர்கள், ஆராதனை அறிவிப்பில் வாசிக்காதீர்கள். போகிறவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஆண் தனியாகப் போனால், உதவி நின்ற பிறகும் பேச்சு நிற்காது. என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தோம், அடுத்து என்றைக்கு வருவோம் என்று ஒரு நோட்டில் எழுதி சேகர குருவிடம் மட்டும் காட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு ஒரு வருஷத்துக்கு மாதம் ஒரு தடவை. நாற்பது பேர் முதல் வாரத்தில் போவதை விட இரண்டு பேர் பதினொன்றாம் மாதத்தில் போவது கடினம்.

அந்த அம்மா முதன்முதலாகக் கோயிலுக்கு வரும் ஞாயிறு ஒன்று இருக்கிறது. பழைய இடத்தில் உட்கார முடியாது, புது இடம் தெரியாது. வாசலிலேயே ஒரு பெண் அவருக்காக நிற்கட்டும், பக்கத்தில் உட்காரட்டும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் விதவை உட்காரக் கூடாது என்ற வழக்கம் நம் கோயில்களுக்குள்ளும் வாய் திறக்காமல் நடக்கிறது. எந்த வசனத்தில் அது இருக்கிறது என்று கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள்.

பிறகு டிசம்பர். அந்த வீட்டில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுட மாட்டார்கள். கீத பவனி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும், துக்க வீடு என்று மேளத்தை நிறுத்திக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போகும். மரியாதைக்காகத்தான் செய்கிறோம். ஆனால் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கு, பாட்டு அடுத்த வீட்டில் மறுபடி தொடங்குவது கேட்கும். முந்தின நாளே போய், "நாளைக்கு வரட்டுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் மேளம் இல்லாமல், தொப்பி போட்ட தாத்தா இல்லாமல், நாலைந்து பேர் மட்டும் திண்ணையில் நின்று ஒரு பாட்டுப் பாடுங்கள். காணிக்கை டப்பாவை அன்றைக்கு வேறொருவர் கையில் கொடுத்துத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள்.