கேராஸ் புரதத்தில் அந்தக் குழி எங்கே? மூன்று ராத்திரித் தேடல்

வணக்கம். இன்றைக்கு வெள்ளைப் பலகை இல்லை, கணினித் திரையைத்தான் காட்டப்போகிறேன். பி53 புரதத்தைப் பற்றிய இரண்டாம் பகுதிக்காகக் காத்திருப்பவர்கள் மன்னிக்கணும், நடுவில் கேராஸ் புகுந்துவிட்டது. இதுவும் புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு புரதம்தான்.

போன வாரம் ஒரு கட்டுரை படித்தேன். அதில் கேராஸ் இன்னமும் "மருந்துக்கு மசியாத புரதம்" என்றே இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். 2021 மே மாதமே கேராஸைப் பிடிக்கும் சோட்டோராசிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தாயிற்று. 2022 டிசம்பரில் அடாக்ராசிப்பும் வந்தாயிற்று. அப்புறம் என்ன மசியாத புரதம்?

சரி, அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இருந்தது. கேராஸ் ஒரு சுவிட்ச். செல்லுக்கு வெளியிலிருந்து "வளர்" என்று சேதி வந்தால் குவனோசின் ட்ரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒரு பாஸ்பேட்டை வெட்டி, டைபாஸ்பேட்டாக்கி, அணைந்துவிடும். மரபணுப் பிறழ்வு வந்தால் அந்த வெட்டு தடைபடும். சுவிட்ச் அணையாது, செல் பெருகிக்கொண்டே போகும். ட்ரைபாஸ்பேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மருந்தை உட்காரவைக்கலாமா என்றால், கேராஸ் அதைப் பிகோமோலார் அளவில், அதாவது மிக மிகக் குறைந்த செறிவிலேயே, இறுக்கிப் பிடித்திருக்கிறது. செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட்டுக்குப் பஞ்சமும் கிடையாது. மேற்பரப்பில் வேறு எங்கும் ஆழமான குழியும் தென்படவில்லை.

இப்போது என் மூன்று ராத்திரிக்கு வருகிறேன். மருந்து போய் உட்காரும் குழியை உங்களுக்குத் திரையில் காட்டணும் என்று புரத வடிவங்களைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து 4ஓபிஇ என்ற கோப்பை எடுத்தேன். டைபாஸ்பேட்டோடு இருக்கும் இயல்பான கேராஸ் அது. ஸ்விட்ச் இரண்டு என்ற வளையத்துக்குக் கீழே குழி இருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன், மேற்பரப்பை வண்ணம் மாற்றிப் பார்த்தேன், வெட்டிப் பார்த்தேன். குழியே இல்லை! முதல் ராத்திரி மென்பொருள் மேல் சந்தேகம். இரண்டாம் ராத்திரி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன், எல்லாம் சரியாகவே இருந்தன.

மூன்றாம் ராத்திரி 6ஓஐஎம் கோப்பைத் திறந்தேன். அதில் சோட்டோராசிப் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். பாருங்கள், இதோ, இந்த வளையம் விலகி நிற்கிறது. மருந்து உள்ளே போனால்தான் குழி திறக்கிறது! காலியான புரதத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை, எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரு இரு, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்த மருந்து எல்லாக் கேராஸிலும் ஒட்டாது. புரதச் சங்கிலியின் 12-ஆம் இடத்தில் இயல்பாக இருப்பது கிளைசின் என்ற அமினோ அமிலம். ஜி12சி பிறழ்வில் அங்கே சிஸ்டீன் வந்துவிடுகிறது. சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. மருந்து அந்தக் கந்தகத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. திரையில் இந்த மஞ்சள் கோடு அந்தப் பிணைப்புதான். ஆரோக்கியமான செல்லின் கேராஸில் 12-இல் சிஸ்டீன் இல்லை, அதனால் அது தப்பிக்கிறது. எவ்வளவு அழகான வழி! 2013-இல் அமெரிக்க விஞ்ஞானி கெவன் ஷோகாட்டின் குழு கந்தகத்தைப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடிப் போனபோதுதான் இந்தக் குழியே வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். சுவிட்ச் அணைந்திருக்கும் நிலையில்தான் மருந்து பிடிக்கிறது. பிறழ்வு வந்தால் சுவிட்ச் அணையாது என்றேன், ஆனால் ஜி12சி அவ்வப்போது தானாக அணைகிறது, அந்த இடைவெளி போதும், மறுபடி விழிக்க விடாமல் பூட்டிவிடுகிறது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வேறு சிகிச்சை எடுத்திருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோட்டோராசிப்பைச் சோதித்தபோது சுமார் 37 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஆனால் நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 6.8 மாதம்தான். புற்றுநோய் செல் வேறு பாதை கண்டுபிடித்துவிடுகிறது. அந்த 6.8-ஐப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

கணையப் புற்றுநோயில் அதிகம் வருவது ஜி12டி. அங்கே 12-இல் இருப்பது அஸ்பார்டிக் அமிலம், கந்தகமே கிடையாது. ஆனால் 7ஆர்பிஇசட் கோப்பில் அதே குழிக்குள் ஒரு மூலக்கூறு நிரந்தரப் பிணைப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி பார்க்கப்போகிறேன். பி53 அதற்கு அப்புறம்தான்.