ரத்தக்குழாய்ச் சுண்ணாம்பு: கிருமி வேலையா?

இந்தக் கெட்டிலைக் கேமரா பக்கம் காட்டுகிறேன், அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, தெரிகிறதா? எங்கள் போர் தண்ணீரின் கைங்கரியம். நகத்தால் சுரண்டினால் பொருக்கு பொருக்காக வருகிறது. இது பக்கத்திலேயே இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

போன வாரம் அப்பாவுக்கு எடுத்த சிடி ஸ்கேனில், இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறது என்று வந்தது. அன்று சாயங்காலமே சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பிவிட்டார்: அது ஒரு கிருமி கட்டுகிற கூடாம், ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கரைந்துவிடுமாம். முழுப் புளுகு என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் பின்னால் நிஜமாகவே ஒரு கதை இருக்கிறது.

ஃபின்லாந்தில் குவோப்பியோ என்ற ஊர். அங்கே ஓலாவி கஜாண்டர், நேவா சிஃப்ட்சியோலு என்ற இரண்டு ஆய்வாளர்கள், செல் வளர்க்கப் பயன்படும் மாட்டு சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், மிகச் சின்ன உருண்டைகளைப் பார்க்கிறார்கள். அவை பெருகுகின்றன, எலும்பில் இருக்கிற அதே வகைத் தாதுவால் ஓடும் கட்டிக்கொள்கின்றன. நானோபாக்டீரியா என்று பெயர் வைத்து, சிறுநீரகக் கல்லுக்கும் இது காரணமாக இருக்கலாம் என்று 1998இல் எழுதினார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு ஒன்று கால்சியம் ஏறிய ரத்தக்குழாய்களிலும் இதே மாதிரித் துகள்களைப் பார்த்தது. வயிற்றுப் புண்ணுக்கே பாக்டீரியாதான் காரணம் என்று தெரிந்திருந்த காலம், அதனால் சிரித்து ஒதுக்கவும் முடியவில்லை. அதற்குள் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தையும் சேர்த்து ஒரு சிகிச்சையையே விற்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு எரிச்சல் அங்கேதான்.

இப்போது கெட்டிலுக்கு வருவோம். 2008இல் மார்டெல், யங் என்ற இருவர், உயிரே இல்லாத கால்சியம் கார்பனேட்டை, அதாவது கெட்டிலில் ஒட்டுகிற அதே சுண்ணாம்பை, வைத்து அதே உருண்டைகளை, பிரிந்து பெருகுவது போன்ற அதே தோற்றத்தோடு, செய்து காட்டினார்கள். கிருமியைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிய ஆன்டிபாடி பிடித்ததோ சீரத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தை! கிட்டத்தட்ட இந்தக் கெட்டில் கறை மாதிரிதான், வளரும், ஆனால் உயிர் கிடையாது.

சரி, நிஜக் கிருமி? நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியா இருக்கிறது. 1988இல், அதுவும் ஃபின்லாந்தில்தான், பெக்கா சைக்கு குழு மாரடைப்பு வந்தவர்களிடம் இதற்கான ஆன்டிபாடி அதிகம் என்று கண்டது. பிறகு ரத்தக்குழாய் அடைப்பின் உள்ளேயே அந்த பாக்டீரியாவையும் பார்த்தார்கள். அப்படியானால் மருந்து கொடுத்தால் சரியாக வேண்டுமே? 4,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு அசித்ரோமைசின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், வித்தியாசமே இல்லை. டென்மார்க்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்த சோதனையில் மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம்தான் இறப்பு அதிகம்.

பாக்டீரியாவால் வருகிற ஈறு நோய்க்கும் இதயத்துக்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று நிரூபணமில்லை. பல்லை எப்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கால்சியம் ஏன் படிகிறது? குழாய்ச் சுவரின் தசைச் செல்களே எலும்புச் செல் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் அதை வேகப்படுத்தும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டால், சித்தப்பா சொன்ன மாத்திரையில் ஒரு அட்டை வாங்கியே வைத்திருக்கிறார். நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.