வெளிநாட்டுப் பட்டம், உள்ளூர் வகுப்பறை: தரத்துக்கு யார் பொறுப்பு?

(திரையில்: ஒரு பட்டச் சான்றிதழ். பல்கலைக்கழகம் ஒரு நாட்டில், வகுப்பறை வேறொரு நாட்டில்.)

பட்டம் கொடுப்பது ஒரு நாடு, பாடம் நடப்பது இன்னொரு நாடு. கிளை வளாகம், உள்ளூர்க் கல்லூரியோடு கூட்டு, ஆன்லைன் என்று இதில் பல வகை உண்டு. தரத்தை யார் சோதிப்பது என்று கேட்டால்தான் சிக்கல். ‘அது நம் எல்லைக்கு வெளியே நடக்கிறது’ என்று பட்டம் தரும் நாட்டின் தர அமைப்பு விட்டுவிடலாம். ‘பட்டம் அவர்களுடையது, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று பாடம் நடக்கும் நாடும் இருந்துவிடலாம். நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

யுனெஸ்கோவும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் 2005-இல் இதற்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. எந்த நாட்டில் நடத்தினாலும் சொந்த நாட்டில் தரும் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். நல்ல பேச்சுதான். ஆனால் எந்த நாட்டையும் அவை கட்டாயப்படுத்தாது.

கட்டாயம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஹாங்காங் போகலாம். அங்கே 1996-இல் இயற்றிய சட்டப்படி, வெளிநாட்டுப் படிப்பை நடத்துபவர் முதலில் பதிவு செய்ய வேண்டும், அல்லது விலக்குப் பெற வேண்டும். பதிவு பெற்ற படிப்பின் விளம்பரத்தில் ஒரு வரி இருந்தே தீர வேண்டும்: இந்தப் பட்டத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த முதலாளியின் விருப்பம். விற்பவர் வாயாலேயே எச்சரிக்கை சொல்ல வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போகிறது. அதன் உயர்கல்வித் தர விதிகள், படிப்பு எந்த நாட்டில் நடந்தாலும் பல்கலைக்கழகத்தை விடாமல் துரத்தும்.

(திரையில்: சிங்கப்பூர், 2007)

அப்புறம், தரம் என்றால் பாடத்திட்டம் மட்டுமா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. எதிர்பார்த்ததில் பாதி அளவே, 148 மாணவர்கள்தான் சேர்ந்தார்கள். மே மாதமே மூடும் அறிவிப்பு வந்துவிட்டது. மாணவர்களுக்குச் சிட்னியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். அங்கே யாரும் பாடத்தில் குறை சொல்லவில்லை, கணக்குதான் உதைத்தது. பேராசிரியர் தகுதி, நூலகம் என்று எல்லாவற்றையும் அளக்கும் சோதனை, ‘நான்கு வருஷம் தாக்குப்பிடிப்பீர்களா?’ என்று கேட்காவிட்டால் பயன் பாதிதான்.

அங்கீகாரம் தனிக் கதை. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஏற்பது பற்றிய யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு, 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுத் தகுதியை மறுப்பதென்றால், கணிசமான வேறுபாடு இருப்பதை அதிகாரிகளே காட்ட வேண்டும். விண்ணப்பித்தவர் தலையில் அந்தப் பாரம் விழாது. ஆனால் இது, உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

சரி, இப்படியொரு படிப்பில் சேர நினைப்பவர் என்ன செய்யலாம்? பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள். இந்த நாட்டில் நடக்கும் இந்தப் படிப்பு, இரு நாட்டு அதிகாரப்பூர்வப் பட்டியல்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தரச் சான்று கொடுத்த அமைப்பையும் விசாரியுங்கள், அதிலும் போலிகள் உண்டு. வளாகம் பாதியில் மூடினால் படிப்பை எங்கே முடிக்கலாம், கட்டிய பணம் என்னவாகும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.